"வயசாயிடுச்சி" என்பது பதில் இல்லை

(காலனி இரவுப் பள்ளியில் நடந்த கூட்டத்தில் பேசியது. பேச்சுமொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னைக் கூப்பிட்ட தோழர், "நீ கண்ணப் பத்திப் பேசு, அரசியல நாங்க பாத்துக்குறோம்" என்றார். நான் கண் டாக்டர் இல்லை. கண் மருத்துவ உதவியாளர். 27 வருசமாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுவரில் பலகையை மாட்டி, "இது என்ன எழுத்து, அது என்ன எழுத்து" என்று கேட்டுக்கொண்டிருப்பவன். எழுத்துத் தெரியாதவர்களுக்கு வேறு பலகை உண்டு. மூன்று பல் உள்ள சீப்பு மாதிரி ஒரு குறி இருக்கும். பல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கு என்று கையால் காட்டச் சொல்வோம். நம்ம சனத்தில் வயதானவர்கள் பெரும்பாலும் கையால் காட்டுகிறவர்கள்தான். ஏன் கையால் காட்டுகிறார்கள் என்று கேட்டால் அங்கேயே அரசியல் வந்துவிடுகிறது. அதனால் நான் கண்ணைப் பற்றி மட்டும் பேசுகிறேன். மற்றது தானாக வரும்.

முதலில் என் ஆயாவிடமிருந்து தொடங்குகிறேன். 1983இல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு வகுப்பறைக்குள்ளே பெஞ்சு, காலனி ஆட்களுக்கு வெளியே புளியமரத்தடி. கத்தி ஒன்றுதான், டாக்டரும் ஒருவர்தான். கட்டுப் போட்டபின் படுக்க வைத்த இடம் மட்டும் வேற வேற. அந்தக் காலத்து ஆபரேஷனில் புரை விழுந்த லென்சை முழுசாக எடுத்துவிடுவார்கள். உள்ளே எதையும் வைக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக மூக்கின் மேல் ஒரு கனத்த கண்ணாடி. சோடாபுட்டிக் கண்ணாடி என்போமே, அதுதான். அதைப் போட்டால் எல்லாம் சுமார் கால் பங்கு பெரிதாகத் தெரியும். பக்கவாட்டில் சரியாகத் தெரியாது. படி எது, தரை எது என்று கால் தடுமாறும்.

நடவுக்குப் போன இடத்தில் நிலக்காரர், "கண்ணாடி மாட்டிக்கிட்டு நிக்கிறா பாரு, கலெக்டரு" என்றார். அதற்கப்புறம் அவர் வரப்பில் வரும்போதெல்லாம் ஆயா கண்ணாடியைக் கழற்றி மடியில் செருகிக்கொள்ளும், தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்த மாதிரி. ஒருநாள் கட்டுத் தூக்கும்போது மடியிலிருந்து விழுந்து உடைந்துபோச்சு. லென்சு எடுத்த கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லையென்றால் திரும்பவும் இருட்டுதான். வேற வாங்கித் தர எங்களிடம் காசு இல்லை. ஆறு வருசம் சுவரைத் தடவித் தடவி நடந்து செத்துப்போச்சு. முகாம் கணக்கில் என் ஆயா பார்வை திரும்பப் பெற்றவர். அந்தக் கணக்கு இன்னும் ஏதோ ஒரு கோப்பில் இருக்கும்.

1983இல் வேறு வழியே இல்லையா? இருந்தது. 34 வருசமாக இருந்தது. 1949 நவம்பர் 29ஆம் தேதி லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்ட் ரிட்லி என்ற டாக்டர், புரை எடுத்த கண்ணுக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் லென்சை வைத்தார். இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லு குத்தியிருந்தது. அந்தச் சில்லைக் கண் வெறுத்து ஒதுக்கவில்லை, சும்மா விட்டுவிட்டது. அதைக் கவனித்தவர், அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்சு செய்தார். கண்ணுக்குள்ளே இருக்கிற அந்நியப் பொருளை எடுப்பதுதான் நம் வேலை, இவர் வைக்கிறாரே என்று சக டாக்டர்கள் வருசக்கணக்கில் அவரை எதிர்த்தார்கள். அமெரிக்காவில் இந்த வகை லென்சுக்கு அரசு அனுமதி 1981இல்தான் வந்தது.

அப்படியே வந்தாலும் யாருக்கு வந்தது? வெளிநாட்டு லென்சு ஒன்று 100 டாலர், அதற்கும் மேல். வசதியுள்ளவர் கண்ணுக்குள்ளே லென்சு, இல்லாதவர் மூக்கின் மேலே சோடாபுட்டி. உலகத்துப் பெரிய நிபுணர்களே, ஏழை நாட்டு முகாம்களுக்கு உள்விழி லென்சு கட்டுபடியாகாது, கண்ணாடியே போதும் என்றார்கள். யாருக்கு எது போதும் என்று அடுத்தவர் முடிவு பண்ணுவது நமக்குப் புதுசா என்ன?

1992இல் மதுரையில் அந்தப் பேச்சு அடிபட்டுப்போனது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, டேவிட் கிரீன் என்ற அமெரிக்கரின் உதவியோடு ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி லென்சைத் தானே செய்தது. 100 டாலர் லென்சு 10 டாலர் அளவுக்கு வந்தது. பிறகு அதற்கும் கீழே இறங்கியது. 1994 முதல் 2002 வரை உலக வங்கிக் கடனில் நடந்த கண்புரைத் திட்டத்தின் காலத்தில் அரசாங்க ஆபரேஷனும் உள்விழி லென்சு பக்கம் திரும்பியது. இன்று மதுரை லென்சு 100 நாடுகளுக்கு மேல் போகிறது.

செய்தவர்களுக்கு நன்றி சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். 1983இல் அந்த லென்சு என் ஆயாவுக்கு எட்டாமல் போனதற்குக் காரணம் அறிவியல் இல்லை. அது ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு. விலையும் மனசும்தான் தடுத்தது. "கட்டுபடியாகாது" என்ற வார்த்தை இயற்கை விதி இல்லை. ஆட்கள் எடுக்கிற முடிவு. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவேன்.

அடுத்தது என் அம்மா. 2016இல் அம்மாவுக்குப் புரை ஆபரேஷன். பஸ் வைத்துக் கூட்டிப்போனார்கள். படுக்கையில் பேதம் இல்லை, சாப்பாடு போட்டார்கள், உள்ளே லென்சு வைத்தார்கள். மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். அம்மா என்னைப் பார்த்துச் சொன்னது இது: "டேய் பெரியவனே, கதவு நெலை தெரியுது. உன் சட்டை தெரியுது. மூஞ்சிய மட்டும் யாரோ ஈரக் கையால அழிச்ச மாதிரி இருக்குடா."

அங்கிருந்த டாக்டரிடம் கேட்டேன். "லென்சு நல்லா உக்காந்திருக்கு. வயசாயிடுச்சி இல்ல? அவ்ளோதான்" என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்கணும். வரவில்லை. வெட்கம்தான் வந்தது. ஏனென்றால் அந்த வாக்கியம் என்னுடையது. ஆபரேஷன் முடிந்து மறுபரிசோதனைக்கு வந்து, "இன்னும் சரியாத் தெரியலப்பா" என்று நின்ற எத்தனையோ ஆயாக்களிடம், தாத்தாக்களிடம் நானே சொல்லியிருக்கிறேன், "வயசாயிடுச்சி ஆயா, இவ்ளோதான் தெரியும்." பதிவேட்டில் "முன்னேற்றம் இல்லை" என்று எழுதி மூடியிருக்கிறேன். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். நம்ம சனத்துக்குத் தலையாட்டிப் பழக்கம். எனக்கு அதைப் பார்த்துப் பழக்கம்.

அம்மாவுக்கு என்ன நடந்தது? பழைய டூரிங் டாக்கீசை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் புரொஜெக்டர், முன்னால் திரை. புரொஜெக்டர் லென்சில் அழுக்கு படிந்தால் படம் முழுக்க மங்கும். அதுதான் கண்புரை. லென்சை மாற்றினால் படம் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் திரையின் நடுவில் பீடி நெருப்புப் பட்டு ஓட்டை விழுந்திருந்தால்? எத்தனை புது லென்சு போட்டாலும் எம்.ஜி.ஆர். முகம் அந்த ஓட்டையில்தான் விழும். சுற்றியுள்ள மரம், குதிரை எல்லாம் தெரியும். முகம் தெரியாது.

கண்ணுக்குள்ளே இருக்கிற திரைக்குப் பெயர் விழித்திரை. அதன் நடுவில் சுமார் 5 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பொட்டு இருக்கிறது. டாக்டர்கள் மாக்குலா என்பார்கள், நாம் நடுப்பொட்டு என்போம். படிப்பது, முகம் பார்ப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது, அரிசியில் கல் பொறுக்குவது, பஸ் போர்டு பார்ப்பது, 100 ரூபாயா 500 ரூபாயா என்று தெரிவது, எல்லாம் அந்தப் பொட்டின் வேலை. வயதான காலத்தில் சிலருக்கு அது கெட்டுப்போகிறது.

நம்ம பத்திரிகைகளில் மையம், விளிம்பு என்று நிறைய எழுதுகிறோம். இது அந்த உவமை இல்லை, தோழர்களே. நிஜமாகவே மையம் அழிந்து விளிம்பு மட்டும் மிஞ்சுகிற நோய். விளிம்பு மிஞ்சுவதால் இவர்கள் முழுக் குருடு ஆவதில்லை. தட்டுத் தடுமாறி நடந்துவிடுவார்கள். அதுவே அவர்களுக்கு வினையாகிறது. "கெழவி நடிக்குது. கோழிய வெரட்டத் தெரியுது, சோத்துல கல்லு தெரியலையாம்" என்று வீட்டிலேயே பேச்சு வரும். அது நடிப்பு இல்லை. கோழி விளிம்பில் ஓடுகிறது, கல் நடுவில் இருக்கிறது.

இந்த நோயில் இரண்டு வகை. ஒன்று உலர்ந்த வகை. விழித்திரைக்கு அடியில் மஞ்சளாகக் கசடு படியும், வருசக்கணக்கில் மெல்ல மெல்லத் தேயும். மற்றது ஈர வகை. திரைக்கு அடியில் புதுசாகக் கெட்ட ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியும். இது வேகமானது. சில வாரங்களிலேயே நடுப்பார்வையைக் கொண்டுபோய்விடும். ஆனால் சீக்கிரம் பிடித்தால் தடுக்கக்கூடியதும் இதுதான்.

எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு கண்ணை மூடிக்கொண்டு சன்னல் கம்பியைப் பாருங்கள். கட்டம் போட்ட லுங்கியைப் பாருங்கள். அப்புறம் மறு கண். நேரான கோடு நெளிந்து தெரிந்தால், நடுவில் கறை மாதிரி இருந்தால், அடுத்த முகாம் வரைக்கும் காத்திருக்காதீர்கள். அந்த வாரமே விழித்திரை டாக்டரைப் பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். அதனால்தான் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்கிறேன்.

ஈர வகைக்குக் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவார்கள். இந்த ஊசியின் கதையும் நம்ம லென்சின் கதை மாதிரிதான். 2004இல் அமெரிக்காவில் குடல் புற்றுநோய்க்கு ஒரு மருந்து வந்தது, அவாஸ்டின். அதே கம்பெனி அதன் உறவுக்கார மருந்து ஒன்றைக் கண்ணுக்கென்று தனியாகச் செய்து 2006இல் விற்பனைக்கு விட்டது, லுசென்டிஸ். கண் மருந்து ஒரு ஊசி சுமார் 2,000 டாலர். புற்றுநோய் மருந்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்தால் ஒரு ஊசி சுமார் 50 டாலர். டாக்டர்கள் பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள், வேலை செய்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க கம்பெனி முன்வரவில்லை. அமெரிக்க அரசு தன் பணத்தில் பரிசோதனை நடத்தியது. 2011இல் முடிவு வந்தது: ஒரே இடைவெளியில் போட்டால் பார்வையைக் காப்பதில் இரண்டும் ஒன்றுதான். 2013இல் உலக சுகாதார நிறுவனம் விலை குறைந்த மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2015இல் இந்தியக் கம்பெனி ஒன்று விலை கூடிய மருந்துக்கு நிகரான ஒன்றை இங்கேயே செய்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். மருந்தைப் பிரிக்கும்போது சுத்தம் தவறினால் கிருமி புகுந்து கண்ணே போய்விடும். அப்படிப் பல இடங்களில் நடந்திருக்கிறது. விலை குறைந்தது என்றால் சுத்தமும் குறையலாம் என்று அர்த்தமில்லை. இன்னொன்று, இது ஒரு ஊசியோடு தீராது. திரும்பத் திரும்பப் போடணும். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும், கூட வருகிறவருக்கும் கூலி போகும். மருந்து இலவசம் என்று போர்டு வைத்தாலும் அந்த இரண்டு கூலி யார் கணக்கிலும் வருவதில்லை.

உலர்ந்த வகைக்கு இழந்ததைத் திருப்பித் தரும் மருந்து இல்லை. முற்றிய தேய்மானத்தின் வேகத்தைக் குறைக்கும் இரண்டு ஊசிகளுக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. வேகம் குறையும், பார்வை திரும்பாது. துத்தநாகமும் சில வைட்டமின்களும் சேர்ந்த மாத்திரை, நடுத்தரக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு நோய் முற்றும் வாய்ப்பைக் கால் பங்கு அளவு குறைக்கிறது என்று 2001இல் அமெரிக்க ஆய்வு சொன்னது. எல்லாருக்கும் அது வேண்டியதில்லை. கடைக்காரர் கொடுத்தார் என்று வாங்கிக் காசை விடாதீர்கள். பீடி, சிகரெட் குடிப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம். பீடியை விடுவதற்குக் காசு வேண்டியதில்லை.

சரி, திரை ஓட்டையானவர்களுக்கு லென்சால் எதுவுமே செய்ய முடியாதா? ஒன்று செய்யலாம். ஓட்டையை அடைக்க முடியாது, ஆனால் படத்தைப் பெரிசாக்கலாம். படம் பெரிசானால் முகம் ஓட்டையைத் தாண்டி வெளியிலும் விழும். மூக்கு மறைந்தாலும் கண்ணும் வாயும் தெரியும். இந்த யோசனையில்தான் பட்டாணி அளவில் ஒரு தொலைநோக்கிக் குழாயைச் செய்து, இயற்கை லென்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கிறார்கள். படத்தை 2.2 மடங்கு அல்லது 2.7 மடங்கு பெரிசாக்கும். அமெரிக்கா 2010இல் 75 வயதானவர்களுக்கு அனுமதித்தது, 2014இல் 65 வயதுக்கு இறக்கியது. முற்றிய நோய்க்கு மட்டும்தான், கசிவு நடந்துகொண்டிருக்கும் கண்ணுக்கு இல்லை. ஒரு கண்ணில்தான் வைப்பார்கள். அந்தக் கண் நடுவைப் பார்க்கும், மற்ற கண் விளிம்பைப் பார்த்து வழிகாட்டும். மூளை இரண்டையும் பிரித்துப் பழகணும். மாசக்கணக்கில் பயிற்சி வேணும். 217 பேரிடம் நடந்த பரிசோதனையில் ஒரு வருசம் கழித்து, வைத்த கண்களில் 67 சதவீதம் பலகையில் மூன்று வரி அல்லது அதற்கு மேல் கூடுதலாகப் படித்தன. வைக்காத கண்களில் 13 சதவீதம்தான்.

மாயம் எதுவும் இல்லை. குழாய் பெரிசு என்பதால் வெட்டும் பெரிசு. கருவிழியின் உள்பக்கச் செல்கள் குறையும். சிலருக்குக் கருவிழியே கலங்கிவிடலாம். முன்பே புரை ஆபரேஷன் ஆன கண்ணில் அதை வைக்க அந்த அனுமதியில் இடமில்லை. விலையோ, குழாய் மட்டும் சுமார் 15,000 டாலராக இருந்தது. ஏற்கெனவே லென்சு வைத்தவர்களுக்காக ஜெர்மனி டாக்டர் ஷாரியோத் வேறொன்று செய்தார். பழைய லென்சுக்கு முன்னால் மெல்லிய லென்சு ஒன்றைக் கூடுதலாகச் சொருகுவது. அதன் நடுவில் 1.5 மில்லிமீட்டர் மட்டும் பூதக்கண்ணாடி மாதிரி. புத்தகத்தை ஒரு சாண் தூரத்துக்கும் குறைவாகக் கொண்டுவந்தால் எழுத்து பெரிசாகும். நடக்க உதவாது, படிக்க உதவும்.

நம்ம மாவட்டத்தில் இதெல்லாம் கிடைக்கும் என்று ஆசை காட்ட நான் வரவில்லை. நான் சொல்ல வந்தது வேறு. 2016இல் அம்மாவின் இயற்கை லென்சை எடுத்தபோதே அந்தக் குழாய் லென்சின் வாசல் அடைபட்டுவிட்டது. அப்படி ஒரு வாசல் இருக்கிறது என்றே எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆபரேஷன் தப்பு என்று சொல்லவில்லை. அதனால்தான் அம்மாவுக்குக் கதவு நிலை தெரிகிறது, விளிம்பு துலங்கியது. புரை முற்றியிருந்தால் அதைத் தாண்டி உள்ளே திரையைப் பார்க்க டாக்டராலும் முடியாமல் போகும், அதுவும் உண்மை. ஆனால் எடுத்த பிறகு பார்க்கலாமே. சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்துப் பின்பக்கம் பார்க்கக் கொஞ்ச நேரம் போதும். பார்த்து, "அம்மா, லென்சு நல்லா இருக்கு, திரையில கோளாறு, இது இன்ன வகை, இதுக்கு இன்னது செய்யலாம், இன்னது முடியாது" என்று சொல்லலாமே. இலவசமாக ஆபரேஷன் செய்து கொண்டவருக்கு விளக்கம் கேட்கும் உரிமை கிடையாதா? ஓசியில் வந்தவர் கேள்வி கேட்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? எங்கேயும் எழுதவில்லை. நம்ம தலையாட்டலில்தான் எழுதியிருக்கிறது.

அதனால் மூன்று கேள்விகளைப் பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால்: "கண்ணுக்குப் பின்பக்கம் பாத்தீங்களா?" பார்வை வரவில்லை என்றால்: "லென்சுல கோளாறா, திரையில கோளாறா?" திரை என்றால்: "ஈரமா, உலர்ந்ததா? ஸ்கேன் எடுத்தாச்சா?" பதிலாக "வயசாயிடுச்சி" என்று வந்தால், "வயசு தெரியும் ஐயா, நோயோட பேரச் சொல்லுங்க" என்று கேளுங்கள். வயது ஒரு நோயின் பெயர் இல்லை.

கைப்பூதக்கண்ணாடி, நல்ல வெளிச்சம், பெரிய எழுத்து, இவையும் மருத்துவம்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் குறைபார்வையும் ஊனப் பட்டியலில் இருக்கிறது. 40 சதவீதம் என்று மருத்துவக் குழு சான்று கொடுத்தால் அதற்குரிய சலுகைகளைக் கேட்கலாம். "கெழவிக்கு எதுக்குச் சான்றிதழ்" என்று வீட்டிலேயே தடுக்காதீர்கள்.

அம்மா இப்போது ஒரு வித்தை பழகிவிட்டது. என் முகத்தைப் பார்க்க என் காதைப் பார்க்கும். ஓட்டை காதில் விழும், முகம் விளிம்பில் வந்துவிடும். தெளிவாக இல்லை, ஆனால் நான்தான் என்று தெரியும். முதலில் என் சம்சாரம் தப்பாக எடுத்துக்கொண்டது, "அத்தை என் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்குது" என்று. உங்கள் வீட்டில் யாராவது உங்களைப் பார்க்காமல் பக்கத்தில் பார்த்துப் பேசினால் கோபப்படாதீர்கள். அவர்கள் உங்களைத்தான் பார்க்கிறார்கள்.

100 டாலர் லென்சு 10 டாலர் ஆனது. 2,000 டாலர் ஊசிக்கு 50 டாலர் ஊசி சமம் என்று நிரூபணமானது. நாளைக்கு இந்தக் குழாய் லென்சோ, இதைவிட நல்ல ஒன்றோ வரும். "உங்களுக்கு இது கட்டுபடியாகாது, இருக்கிறதே போதும்" என்று அப்போதும் யாராவது சொல்வார்கள். என் ஆயாவுக்குச் சொன்னது அதுதான். அதற்குத் தலையாட்டக் கூடாது என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் பதிவேட்டில் "முன்னேற்றம் இல்லை" என்று எழுதி மூடுவதை நான் நிறுத்திவிட்டேன். ஏன் இல்லை என்று பக்கத்தில் எழுதுகிறேன், எங்கே அனுப்பினேன் என்றும் எழுதுகிறேன். எத்தனையோ வருசம் தாமதம்தான்.

கட்டம் போட்ட தாள் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் அந்த டியூப்லைட்டுக்குக் கீழே நிற்பேன். அம்பது வயசுக்கு மேல இருக்கிற எல்லாரும் ஒவ்வொருத்தரா வாங்க. ஒரு கண்ண மூடிக்கிட்டு நடுப்புள்ளியப் பாருங்க. கோடு நெளியுதா, சொல்லுங்க. வெட்கப்படாதீங்க. நான் "வயசாயிடுச்சி" என்று சொல்ல மாட்டேன்.